சிஸ்டம் கேட்ட கேள்வி

ஜெயச்சந்திரனிடம் எதைச் சொன்னாலும் "ம்" என்பான். மழை வருது, துணியை எடுங்க என்றாலும் "ம்". அடுப்படியில் பாம்பு என்றாலும் அதே "ம்"தான். சொன்னது காதில் விழுந்திருக்கும், மண்டைக்குள் போயிருக்காது. அவன் பெண்டாட்டி தமயந்தி ஒருநாள் கடுப்பாகி, "நான் எங்க அம்மா வீட்டுக்கே போறேன்" என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கும் "ம்" கொட்டிவிட்டு, சோற்றைத் தின்று கை கழுவி வந்த பிறகு, "ஆமா, என்னமோ சொன்னியே?" என்று கேட்டானாம். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி ஆனந்தகிரித் தெருவே ஒரு காலத்தில் சிரித்தது. இப்போது யாரும் சொல்வதில்லை. அந்த "ம்" ஒரு பெண்ணின் உயிரில் போய் முடிந்த பிறகு யாருக்கு வாய் வரும்?

ஆளைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அவன் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்து, அலைக்கழிந்து, பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ஒதுங்கினார்கள். மிளகு பறித்துத்தான் பையனை டிப்ளமா படிக்க வைத்தார்கள். அவன் சென்னைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டேப் எடுத்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்து, பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே மெயின்பிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டர் ஆனான். ஊரில் யாருக்கும் அது என்ன வேலை என்று புரியவில்லை. "கம்ப்யூட்டர் டிரைவர்" என்று அவன் அம்மா சொல்லிக்கொண்டாள். கிட்டத்தட்ட சரிதான்.

2001-இல் மதுரையில் தலைமையகம் வைத்திருந்த ஒரு பழைய தனியார் வங்கிக்கு ஒரு யோசனை வந்தது. மதுரையில் இருக்கிற மெயின்பிரேமுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இன்னொரு ஊரில் துணைக்கு ஒன்று வேண்டுமே! முதலாளிக்குக் கொடைக்கானலில் நாயுடுபுரம் தாண்டி ஒரு பங்களா சும்மா கிடந்தது. குளிர்கிற ஊரில் வைத்தால் ஏசி செலவு மிச்சம் என்று யாரோ ஒரு புண்ணியவான் கணக்குப் போட்டுக் கொடுத்தான். பழைய மெயின்பிரேம் ஒன்றை வாங்கி, லாரியில் மலையேற்றி, பங்களாவின் பெரிய ஹாலில் இறக்கிவிட்டார்கள். குளிரைக் கணக்குப் போட்டவன் ஈரத்தைக் கணக்குப் போடவில்லை. கொடைக்கானலில் சுவரே வியர்க்கும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். அது மதுரைக்காரனுக்கு எங்கே தெரியப்போகிறது?

சொந்த மலைக்கே வேலை வந்துவிட்டதே என்று ஜெயச்சந்திரன் சென்னையை உதறிவிட்டு ஓடிவந்தான். மதுரையிலிருந்து தினமும் ஜீப்பில் வங்கிக் கணக்குகள் பதிந்த டேப்புகள் வரும். அவற்றை மெஷினில் ஏற்றி, இங்கேயும் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். பகல் வேலைதான், சாயங்காலம் வீடு.

ஹாலில் நின்ற இரும்பு அலமாரிகளையெல்லாம் ஆண்டது ஓ.எஸ். என்கிற ஒன்று. எம்.வி.எஸ். வம்சத்தில் வந்தது. வாயில் நுழையாத அதன் முழுப்பேரை யாரும் சொல்வதில்லை, "சிஸ்டம்" என்றால் அதுதான். வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதுபோல் படமோ அம்புக்குறியோ அதற்குக் கிடையாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, அவ்வளவுதான். நூறு பேருடைய வேலையை ஒரே சமயத்தில் இழுத்துப் போட்டுச் செய்யும், ஒன்றுக்கொன்று இடிக்காமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு டேப்பை எடுத்து மாட்டுவதற்கு அதற்குக் கை இல்லை. இன்ன டிரைவில் இன்ன டேப்பை மாட்டு என்று ஆபரேட்டர் முன்னால் இருக்கிற கன்சோல் திரையில் ஒரு வரி போடும். மற்ற வரிகள் மேலே ஓடிப்போகும், அந்த வரி மட்டும் பளிச்சென்று நின்ற இடத்திலேயே நிற்கும். யாராவது ஒரு மனுஷன் எழுந்துபோய் டேப்பை மாட்டினால்தான் அது மறையும். சந்தேகம் வந்தாலும் அப்படித்தான். தானாக எதையும் முடிவு செய்யாது, ஆபரேட்டரைக் கேட்கும். இந்த டேப்பில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, மேலே எழுதவா, கழற்றிவிடவா? எழுது என்றால் யு, கழற்று என்றால் எம். பதில் வரும்வரை அந்த வேலையை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்துக் கிடக்கும்.

பத்துக் கேள்விக்கு ஒன்பதுக்கு யுதான் பதில். ஜெயச்சந்திரன் பத்துக்கும் யு போட்டான். கேள்வி திரைக்கு வந்து சேருமுன் அவன் விரல் யு-வில் இருக்கும், கண் ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் மரத்தில் இருக்கும். தமயந்திக்கு "ம்" என்றால் சிஸ்டத்துக்கு யு. வருஷக்கணக்கில் அதில் ஒரு பழுதும் வரவில்லை என்பதுதான் கொடுமை.

மேனகா அப்படியில்லை. அவளும் பண்ணைக்காட்டில் அதே மாதிரிக் குடும்பத்துப் பெண்தான். அப்பா இல்லை. அம்மா குஞ்சம்மாள் இன்னும் தோட்டத்துக்குப் போகிறவள். இரண்டாவது ஆபரேட்டராக 2004-இல் சேர்ந்தாள். வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து, ஊத்து, பெருமாள்மலை என்று வளைந்து வளைந்து ஏறி, எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பாள். திரையில் வருகிற ஒவ்வொரு வரியையும் உதட்டை அசைத்துப் படிப்பாள். புரியாவிட்டால் தலையணை கனத்துக்கு இருக்கிற மேனுவலைப் புரட்டிப் பார்ப்பாள். பளிச்சென்று ஒரு வரி நின்றுவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

"அண்ணே, காலையிலேருந்து டேப்பு கேட்டுக்கிட்டே நிக்குதுண்ணே. பாவமா இருக்கு."

"அது என்ன கைக்குழந்தையா? நிக்கட்டும்."

"நீங்க படிக்காமயே யு போடுறீங்க. ஒருநாள் மாட்டிக்கப் போறீங்க பாருங்க."

"ம்."

"இந்தா, இதுக்கும் ம்!" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். இருவரும் சிரிப்பார்கள். தங்கை மாதிரி என்று அவன் எல்லாரிடமும் சொன்னான். பேச்சுக்குச் சொன்னதில்லை, மனசில் இருந்ததுதான்.

அந்த ஹாலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கன்சோல் இருந்தது முன்னறையில். அதற்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு, ஒரு கனமான கதவு. தூசி போகக்கூடாது என்பதால் யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றிக் கதவுக்கு வெளியே ரேக்கில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், கோவிலுக்குப் போவது மாதிரி. உள்ளே முன்வரிசையில் டிஸ்க் அலமாரிகள், அதற்குப் பின்னால் மறைவில் டேப் டிரைவுகள். சுவரோரமாக ஆள் உயரத்துக்குச் சிவப்புச் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற முடியாதே, அதற்காகக் கரியமில வாயு.

மேனேஜர் சுவாமிநாதன் மதுரைக்காரர், வாரத்துக்கு ஒருமுறை மலையேறி வருவார். வந்தபோதெல்லாம் இதையே சொன்னார். "நெருப்புக்கு மூச்சு வேணும். கேஸ் அந்த மூச்சை எடுத்துரும், அணைஞ்சிரும். உள்ள மனுஷன் இருந்தா அவனுக்கும் அதேதான். புகை பட்டா பெல் அடிக்கும். அரை நிமிஷம் டயம், அப்புறம் கேஸ் வந்துரும். மொதல்ல ரேக்கைப் பாருங்க. உங்க செருப்பு தவிர ஒரு ஜோடி கெடந்தாலும் மஞ்சள் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கணும். கையை எடுத்தா கேஸ் உள்ள போயிரும். ரேக்கு காலியா இருந்தா விட்ருங்க, அது பாத்துக்கும். புரியுதா ஜெயச்சந்திரன்?"

"ம்."

பெல் அடிக்கத்தான் செய்தது, நெருப்பில்லாமலேயே! மலையில் மஞ்சு, அதாவது மேகமூட்டம், இறங்கும்போது கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு எல்லாம் அதற்கு வழிதான். உள்ளே நுழைந்த மஞ்சைப் புகை என்று நினைத்து அந்தக் கருவி அலறும். யாராவது ஓடிப்போய் மஞ்சள் பட்டனை அமுக்கிக்கொண்டு நிற்பார்கள். வாட்ச்மேன் மூக்கையா கேட்டிலிருந்து சாவியோடு வந்து, திருகி, பெல்லை நிறுத்துவார். மழைக்காலத்தில் இது வாடிக்கையாகிப் போனது. உள்ளே ஆள் இருந்தால் வெளியே ஓடிவருவதுகூட நின்றுவிட்டது. "மஞ்சுதாண்ணே! பட்டனைப் பிடிச்சுக்கங்க!" என்று மேனகா உள்ளே இருந்தபடியே கத்துவாள், கை வேலையை விடாமல். ஜெயச்சந்திரன் பிடித்துக்கொள்வான். அவன் பிடித்துக்கொள்வான் என்கிற நம்பிக்கைதான் அவளுக்கு.

இன்னொரு பழக்கமும் அந்த ஈரத்திலிருந்துதான் முளைத்தது, அதை ஆரம்பித்தவன் ஜெயச்சந்திரன். ஐப்பசி கார்த்திகையில் கொடைக்கானலில் துவைத்த துணி ஒரு வாரம் ஆனாலும் காயாது, பூஞ்சை வாடைதான் அடிக்கும். டிஸ்க் அலமாரிகளின் முதுகில் மட்டும் சுடச்சுடக் காற்று வந்துகொண்டே இருந்தது. முதலில் தன் சாக்ஸை அங்கே போட்டான். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. பிறகு துண்டு. பிறகு மகள் சுசித்ராவின் பள்ளிக்கூட ஸ்வெட்டர். வங்கி போட்ட மெஷின் தன் பிள்ளைக்குத் துணி உலர்த்துகிறது என்பதில் அவனுக்கு ஒரு ரகசிய சந்தோஷம். தமயந்திக்கும் சந்தோஷம்தான்.

"அண்ணே, அது சூடு கக்குற எடம். பக்கத்துலயே வயரு போவுது" என்றாள் மேனகா.

"ம்."

"மேனேஜர் பார்த்தா தோலை உரிச்சிருவாரு."

"அவரு வர்ற அன்னிக்கு எடுத்துருவேன். நீயும் உன் சப்பாத்தைக் கொண்டுபோய் அங்க வையேன். காலு ஊறிப்போயி வெள்ளையா இருக்கு பாரு."

சப்பாத்து என்றால் ஷூ. தோட்டத்துக் குடும்பங்களில் இன்னும் அந்த இலங்கைப் பேச்சுதான். 2005 தீபாவளிக்குக் குஞ்சம்மாள் மகளுக்கு ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து எடுத்துக் கொடுத்திருந்தாள். செருப்போடு போய்ப் பித்தவெடிப்பில் ரத்தம் வருகிறதே என்று வாங்கியது. அந்த வருஷம் தீபாவளி முடிந்தும் மழை விடவே இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து பங்களாவுக்கு வருமுன் சப்பாத்துக்குள் தண்ணீர் சளசளக்கும். மேனகா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி அதைக் கையில் எடுத்துப்போய் டிஸ்க் அலமாரிக்குப் பின்னால், சுசித்ராவின் ஸ்வெட்டருக்குக் கீழே வைத்தாள். சூடாக அதைத் திரும்ப மாட்டிக்கொண்டபோது, "ஐயோ, என்ன சொகம்ணே!" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சப்பாத்து ரேக்கில் இல்லையே என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. எல்லா வரியையும் படிக்கிற பெண்ணுக்குக்கூடத் தோன்றாமல் போனதே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அந்த நாள் வெளிச்சமே இல்லாமல் விடிந்தது. மேகம் தரையில் இறங்கிக் கிடந்தது. பங்களாவுக்கு முன்னால் ஒரு காட்டுமாடு வந்து நின்று, வெகுநேரம் கண்ணாடி ஜன்னலையே பார்த்துவிட்டுப் போனது. மூக்கையா கல்லை எடுக்கவில்லை, பயந்து கேட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார். ஜீப் வரவில்லை. காலையிலிருந்தே கன்சோலில் ஒரு வரி பளிச்சென்று நின்றது. பழைய கணக்குகளைப் பிரதி எடுப்பதற்கு ஒரு டேப் மாட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது சிஸ்டம். மேனகா அதை இரண்டு தடவை சொன்னாள். ஜீப் வரட்டும், சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று ஜெயச்சந்திரன் இழுத்தான்.

மத்தியானம் ஆனதும், "அண்ணே, நான் மூஞ்சிக்கல் கடை வரைக்கும் போயி சாப்பிட்டு வந்துர்றேன். வந்ததும் டேப்பை மாட்டிடுறேன்" என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு அவள் போவதை அவன் கண்ணால் பார்த்தான். போய்விட்டாள் என்பது அவன் மனசில் பதிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் அறையில் போன் அடித்தது. ஆபீஸ் அறை பங்களாவின் அந்தக் கோடியில். சுவாமிநாதன்தான். ஊத்துப் பக்கம் மண் சரிந்து ஜீப் மாட்டிக்கொண்டது, இன்றைக்கு வராது, நாளைக்கு அவரே நேரில் வருகிறார் என்று ஆரம்பித்து, அது என்னாச்சு, இது என்னாச்சு என்று அடுக்கிக்கொண்டே போனார். ஜெயச்சந்திரன் வரிசையாக "ம்" போட்டுக்கொண்டிருந்தான். நாளைக்கு வருகிறார் என்றால் ஸ்வெட்டரை எடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது.

அப்போது மூக்கையா கதவில் தலையை நீட்டினார். "தம்பி, மேனகா பாப்பா பாதி வழியிலயே திரும்பி வந்துருச்சு. குடை பிச்சுக்கிருச்சாம், தொப்பலா நனைஞ்சு கெடக்கு. டேப்பை மாட்டப் போறேன்னு உள்ள போயிருச்சு. எல்லாத்துக்கும் சேத்து டீ போடவா?"

"ம்" என்றான் ஜெயச்சந்திரன்.

மூக்கையா தன் கொட்டகைக்கு ஸ்டவ் பற்றவைக்கப் போனார்.

சுவாமிநாதன் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். போனை வைக்கும்போது பெல் அடித்தது. மஞ்சுதான் என்று அலுத்துக்கொண்டே முன்னறைக்கு நடந்தான். ஓடவில்லை, நடந்தான். கண்ணாடித் தடுப்பில் மழை ஈரம் படர்ந்து மங்கியிருந்தது. கையால் துடைத்துவிட்டுப் பார்த்தான். மஞ்சு வெள்ளையாக இருக்கும், இது கறுப்பு. டிஸ்க் அலமாரிக்குப் பின்னாலிருந்து சுருள் சுருளாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டர் நழுவி எங்கே விழுந்திருக்கும் என்று அவனுக்குப் பார்க்காமலேயே தெரிந்துவிட்டது.

ரேக்கைப் பார்த்தான். காலையில் அவன் கழற்றி வைத்த ஷூ ஒரு ஜோடி. வேறெதுவும் இல்லை.

மஞ்சள் பட்டன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. விதிப்படி தொட வேண்டியதில்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: கேஸ் சீக்கிரம் போனால் நல்லது என்றுதான் அவன் நினைத்தான். நெருப்பு அணைந்துவிடும், மிச்சமிருக்கிற கருகல் துணியை மேனேஜர் வருமுன் எடுத்துவிடலாம், வேலை தப்பித்துவிடும்.

கன்சோல் முன்னால் உட்கார்ந்தான். கேஸ் போகும்போது சிஸ்டத்தை முறையாகத் தூங்க வைக்க வேண்டும். ஒவ்வொரு வேலையாக நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுக்க வேண்டும். திரையில் சிஸ்டம் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றது. படிக்கவில்லை. விரல் பழக்கத்தில் யு-வை அடித்து அனுப்பியது. அதே நேரம் ஹாலுக்குள் கேஸ் சீறிப் புறப்பட்டது. கண்ணாடி அதிர்ந்தது, உள்ளே எல்லாம் ஒரே வெள்ளையாகிப் போனது.

மூக்கையா ஒரு தட்டில் டம்ளர்களை ஏந்திக்கொண்டு சாவகாசமாக வந்தார். இடுப்பில் சாவி தொங்கியது. "மஞ்சுதானே தம்பி? பெல்லை நிறுத்திருவோம். இந்தாங்க டீ."

தட்டில் மூன்று டம்ளர்.

"மூணாவது யாருக்கு?"

"மேனகா பாப்பாவுக்குத்தான். வந்துருச்சுன்னு சொன்னேன்ல? நீங்க ம்-னீங்களே!"

ஜெயச்சந்திரன் திரையைப் பார்த்தான். முதல் தடவையாகப் படித்தான். காலையிலிருந்து நின்ற பளிச்சென்ற வரியைக் காணோம். சிஸ்டம் கேட்ட டேப் மாட்டப்பட்டுவிட்டது. அதற்குக் கீழே, அவன் பார்க்காமல் யு போட்ட கேள்வி: மாட்டியிருக்கிற டேப்பில் பழையது இருக்கிறது, மேலே எழுதவா? டேப்பை மாட்டாமல் அந்தக் கேள்வி வராது. கை இல்லாத சிஸ்டத்துக்கு உள்ளே ஒரு கை உதவியிருக்கிறது என்று அது எழுத்தில் சொல்லிக்கொண்டு நின்றது, பெல் அடித்த நேரம் முழுக்க. மஞ்சுதாண்ணே என்று அவள் கத்தியிருந்தால், அவன் நடந்து வந்து சேருமுன்பே கத்தி முடித்திருப்பாள்.

"பாப்பா!" என்று அவன் போட்ட சத்தத்தில் மூக்கையா தட்டைக் கீழே போட்டுவிட்டார்.

கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். ஒன்றும் தெரியவில்லை. அலமாரி அலமாரியாகத் தடவிக்கொண்டு பாதி தூரம் போவதற்குள் கால் மடங்கியது. மூக்கையா சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். இருமிக்கொண்டே மறுபடியும் போனான். இரண்டாம் தடவை அவள் கை அகப்பட்டது. டேப் டிரைவுக்குக் கீழே உட்கார்ந்த மாதிரி சாய்ந்திருந்தாள். வெறுங்கால், ஈரமாக. தூக்கிக்கொண்டு வந்து வராந்தாவில் போட்டு நெஞ்சை அழுத்தினான், வாயோடு வாய் வைத்து ஊதினான், பேரைச் சொல்லிக் கத்தினான். மேனகா "என்னண்ணே" என்று கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பிடித்துப் போன வாடகை ஜீப்பில் அவள் தலையை மடியில் வைத்திருந்தவனும் அவன்தான்.

விசாரணை நடந்தது. வங்கியிலிருந்து மூன்று பேர் வந்து மஃப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஸ்வெட்டர் சாம்பலாகிப் போயிருந்தது, வயர் கருகியிருந்தது. மின்கசிவு என்று எழுதிக்கொண்டார்கள். ரேக்கைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தேன், காலியாக இருந்தது என்றான். அது உண்மை. விதிப்படி நடந்திருக்கிறார், ஆபரேட்டர் மேல் தவறில்லை என்று முடித்துக்கொண்டார்கள். மூக்கையாவைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் டீ போட்டுக்கிட்டிருந்தேங்க" என்று மட்டும் சொன்னார். சுவாமிநாதன் ஜெயச்சந்திரனைத் தட்டிக்கொடுத்து, "உயிரைக் குடுத்து உள்ள போயிருக்கீங்க" என்றார். அந்தத் தட்டல் அவனுக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. அந்தச் சென்டரையே மூடுவதாக முடிவாகிவிட்டது.

கடைசி நாளில் மூக்கையா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார். உள்ளே கறுப்புச் சப்பாத்து. "அலமாரிக்குப் பின்னால கெடந்துச்சு. நான் எடுத்து ஒளிச்சு வச்சிருந்தேன். என்னால அந்தத் தாயி மொகத்தைப் பாக்க ஏலாது தம்பி. நீங்களே கொண்டுபோயிக் குடுங்க" என்றார். சொன்னேனே தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பையை வீட்டில் வைத்துக்கொண்டு அவன் நாளைத் தள்ளினான். தமயந்தி ஒருநாள் பையைத் திறந்து பார்த்தாள், அவனையும் பார்த்தாள். "போயிட்டு வாங்க" என்றாள். அவன் "ம்" என்றான். அவள் அழுதுவிட்டாள்.

பண்ணைக்காட்டுக்குப் பஸ் இறங்கும்போது மழை தூறலாக இருந்தது. குஞ்சம்மாள் வீட்டு வாசலில் தன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான். "வாங்க தம்பி. மகளுக்காக உள்ள பாஞ்சீங்கன்னு சொன்னாங்க. ஒங்களுக்குப் புண்ணியம்" என்று அவள் பாயை விரித்தாள். அவனால் உட்கார முடியவில்லை. பையை நீட்டினான்.

அவள் சப்பாத்தை எடுத்தாள். ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைத் தடவினாள். உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"அன்னைக்குப் பெஞ்ச மழையில குடை பிஞ்சு நனைஞ்சுபோயி வந்தான்னாங்களே. சப்பாத்து தோலு நெருப்புல காட்டுன மாதிரி வெறைச்சுக் காஞ்சு கெடக்கே தம்பி? இது எப்புடி?"

"ம்" என்றது அவன் வாய்.

"ம்-னா?"

அவள் காத்திருந்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் வரும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்று அவன் கண்டுகொண்டான்.

"மெஷினுக்குப் பின்னால காய வச்சிருந்துச்சும்மா. நான்தான் அங்க வைக்கச் சொல்லிக் குடுத்தேன். மொதல்ல பத்துனது எம் மக ஸ்வெட்டரு. அதையும் நான்தான் போட்டேன்." நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான். "வாசல்ல சப்பாத்து இல்ல, உள்ள ஆளில்லன்னு விட்டுட்டேன். பாப்பா உள்ள போயிருச்சுன்னு மூக்கையா வந்து சொன்னாரு. நான் காதுல வாங்கல. மெஷினும் சொல்லுச்சு. நான் படிக்கல."

குஞ்சம்மாள் அவனைத் திட்டவில்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவும் இல்லை. இரண்டு சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்துபோய், வாசலில் அவன் ஷூவுக்குப் பக்கத்தில், தூறல் படுகிற இடத்தில் ஜோடியாக வைத்தாள்.

"இங்கயே கெடக்கட்டும். உள்ள ஆளு இருக்குன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெயச்சந்திரன் தன் ஷூவை மாட்ட வெளியே வந்தான். பக்கத்தில் மேனகாவின் சப்பாத்து நனைந்துகொண்டிருந்தது. கை அதை எடுத்து உள்ளே வைக்கப் போனது. வைக்கவில்லை. மழையில் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். கீழே ரோட்டில் கொடைக்கானல் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.